மாலை யார் கழுத்தில்?

உங்கள் வீட்டில் காலைப் பத்திரிகை வந்து விழுந்ததும் அதை முதலில் எடுப்பது யார்? வீட்டுக்காரர் என்றால், அது உங்கள் கைக்கு வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். அப்பளத்தின் எண்ணெய் வடியத்தான் உபயோகப்படும். குழந்தைகள் என்றால் கடைசிப் பக்கத்துக் கிரிக்கெட்டோடு சரி. “பத்திரிகையே வாங்குவதில்லை, எல்லாம் கைபேசியில்தான்” என்கிறீர்களா? அப்படியானால் நான் சொல்லவே வேண்டியதில்லை. ரசம் கொதித்து இறக்குவதற்குள் நாலு செய்தி வந்து, அவற்றில் இரண்டு பொய் என்று ஐந்தாவது செய்தியும் வந்துவிடுகிறது!

நான் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினி. சமூக அறிவியல் பாடம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. ஏரி, அதன் கரையில் பனைமரங்கள், அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை நெல் வயல். அப்படிப்பட்ட இடத்தில் நாட்டு நடப்பைச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று எனக்கு வெகு நாள் கவலை.

ஊர் வழக்கப்படி எங்கள் பள்ளியிலும் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு குழந்தை ஐந்து தலைப்புச் செய்திகளை வாசிக்கும். கடகடவென்று, திருக்குறளையும் பழமொழியையும் ஒப்பிக்கிற அதே ராகத்தில். ஒரு நாள் ஒரு பையன் “பணவீக்கம் உயர்வு” என்று வாசித்தான். வகுப்பில் வந்து, “பணவீக்கம் என்றால் என்னடா?” என்று கேட்டேன். “பணம் வீங்கிப் போறது டீச்சர்” என்றான். “வீங்கினால் என்ன ஆகும்?” “வலிக்கும் டீச்சர்!” வகுப்பு கொல்லென்று சிரித்தது. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது பொருளாதார நிபுணர்கள் சொல்வதற்கு அதிக தூரத்தில் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. குழந்தைகள் செய்தியை வாசிக்கிறார்கள், பேசவில்லை. பேசாத செய்தி வாய்க்கு வந்த வழியே போய்விடுகிறது.

ஆகவே வாரத்தில் ஒரு பீரியடை ஒதுக்கினேன். யாராவது ஒரு செய்தி கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கடைசிச் சரத்துதான் கஷ்டமாக இருந்தது.

இது 2021-ஆம் வருஷத்துக் கதை. கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களுக்கு மட்டும் செப்டம்பரில் கதவு திறந்தார்கள். எல்லோர் முகத்திலும் பாதியைத் துணி மூடியிருந்தது, கண்கள்தான் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அக்டோபர் மாதம் எங்கள் காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். 6-ஆம் தேதியும் 9-ஆம் தேதியும் வாக்குப்பதிவு. 12-ஆம் தேதி எண்ணிக்கை. எங்கள் வகுப்பறையே வாக்குச்சாவடி. கிராமத்தில் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும், ஒருவருக்கு நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிறம். தேர்தல் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது தரையில் சுண்ணாம்புக் கோடுகளும், மேஜை மேல் ஊதா மைத் துளிகளும் மிச்சம் இருந்தன. பிள்ளைகள் அந்த மையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? “இந்த வாரம் நம்ம ஊர் எலெக்ஷனைப் பற்றிப் பேசலாம்” என்றேன்.

அப்பப்பா, அந்த வகுப்பு! டில்லியைப் பற்றிக் கேட்டால் மேலே விட்டத்தைப் பார்க்கிற பிள்ளைகள், வார்டு வார்டாகக் கணக்குச் சொன்னார்கள். ஓட்டுகள் சரிசமமாக வந்தால் குலுக்கல் போட்டுத் தீர்மானிப்பார்கள் என்று ஒருவன் சொன்னான்; எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல, அவன் மாமா எண்ணிக்கை ஏஜெண்டாகப் போனவர்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரும்பலகையில் எழுதி எழுதி விரல் வெளுத்துப் போயிற்று.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“டீச்சர், ஜெயிச்சது இவங்க அம்மா. ஆனா மாலை விழுந்ததெல்லாம் இவங்க அப்பா கழுத்துலதான்!”

அவன் கை நீட்டிய இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவளுடைய தாயார் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். வகுப்பு சிரித்தது. இன்னொருவன், “டேய், வண்டியில போர்டு மாட்டியாச்சுடா, அவங்கப்பா வண்டியில” என்றான். மறுபடி சிரிப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? “சபாஷ், இது பேச வேண்டிய விஷயம்” என்று பலகையில் பெரிதாக எழுதினேன்: ‘பெண் தலைவர் — அதிகாரம் யாருக்கு?’ எழுதிவிட்டு, 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம், உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 2016-இல் தமிழ்நாட்டில் அது பாதிக்குப் பாதி ஆனது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மணி அடித்தது. நல்ல வகுப்பு என்ற திருப்தியோடு டீயை ஆற்றிக் குடித்தேன்.

அந்தப் பெண் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பத்துப் பதினைந்து செருப்புகள். திண்ணையில் தகப்பனார் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். “வாங்க டீச்சர்” என்று மரியாதையாக எழுந்தார். கெட்ட மனிதர் அல்ல. குடிநீர்க் குழாய், தெரு விளக்கு என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் எங்கே என்று பார்த்தேன். தலைவர் உள்ளே, அத்தனை பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் போய் மணையில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் என் கையில் தம்ளரைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “பாப்பா சொன்னா டீச்சரம்மா. பசங்க பேசினதுல பொய் ஒண்ணும் இல்லையே. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. எழுதப் படிக்க நல்லா வரும். அந்தக் கணக்குப் புஸ்தகம் மட்டும் இன்னும் என் கைக்கு வரலை. கையெழுத்துப் போடுற பக்கத்தை மட்டும் திருப்பித் தருவாங்க.”

அவள் அழவில்லை, புகார் சொல்லவும் இல்லை. பால் பொங்கி விடுமோ என்று ஒரு கண்ணை அடுப்பின் மேலேயே வைத்திருந்தாள். சகோதரிகளே, அடுப்படியில் நின்று பேசுகிற பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

பெண் கதவோரம் நின்றாள். “பசங்க பேசினதுக்காகவா பள்ளிக்கு வரவில்லை?” என்று கேட்டேன்.

“பசங்க எப்பவும் அப்படித்தான் டீச்சர். நீங்களும் சிரிச்சீங்க.”

“நான் சிரித்தேனா?”

“மாஸ்க் போட்டிருந்தீங்க. ஆனா கண்ணு சிரிச்சுதே.”

டீ தொண்டையில் நின்றது. சிரித்திருக்கிறேன்! அந்தப் பையன் சொன்ன அழகுக்காகச் சிரித்திருப்பேன். நாட்டு நடப்பு வகுப்புக்குள் வந்ததே என்ற சந்தோஷத்தில், அது யார் வீட்டு வழியாக உள்ளே வந்தது என்று பார்க்கவில்லை. பணவீக்கத்தைப் பேசினால் ரிசர்வ் வங்கி வருத்தப்படப் போவதில்லை. பக்கத்து வீட்டைப் பேசினால் அப்படியா? ஆனால் பேசாமலே விட்டுவிட முடியுமா? அந்தப் பையன் சொன்னது பொய்யில்லையே! அந்த அம்மாளே சொல்லிவிட்டாளே!

“திங்கட்கிழமை வருகிறாயா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். வந்தாள். மறுபடி அந்த விஷயத்தை எடுக்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை. ஒரு மாதம் மழையைப் பற்றியே பேசினோம். அந்த நவம்பரில் பேச நிறைய மழையும் பெய்தது; எங்கள் பக்கத்து ஏரிகள் தளும்பின.

வழி எனக்குக் காட்டியது மனிதர்கள் அல்ல, ஒரு கருங்கல் சுவர். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதம மந்திரி தம் உரையில் குறிப்பிட்ட சுவர் அதுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அந்த ஊர்ச் சபை தன் தேர்தல் விதிகளை அங்கே வெட்டி வைத்தது. பாடப் புத்தகத்தில் நாலு வரி. பரீட்சைக்கு ஐந்து மார்க். நானே எத்தனையோ தடவை அதை ஒப்பித்திருக்கிறேன். டிசம்பரில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தச் சுவரின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

தமிழும் கிரந்தமும் கலந்த பழைய எழுத்து. பிள்ளைகள் தடவித் தடவி ஒரு ‘க’வையும் ஒரு ‘ட’வையும் கண்டுபிடித்துக் கூத்தாடினார்கள். பிறகு விஷயத்தைச் சொன்னேன். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் கையை விட்டு ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கிக்கொள்கிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். “கையில வேற சீட்டை ஒளிச்சு வெச்சிருப்பாரோன்னு சந்தேகம்!” என்றது ஒரு வாண்டு. இந்த ஊர்க்காரர்களுக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்திருக்கிறது!

அப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். முந்தின மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. வயது முதலில் 30-லிருந்து 60. இரண்டு வருஷம் கழித்து 35-லிருந்து 70 என்று மாற்றி எழுதினார்கள். “அவங்களும் அடிச்சுத் திருத்தி எழுதியிருக்காங்க!” என்று பிள்ளைகளுக்கு ஒரே ஆனந்தம். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். “எங்க தாத்தாவோட தாத்தா பேரெல்லாம் குடத்துல போயிருக்காது, இல்ல டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். “போயிருக்காது” என்றேன். அது பிராமணர் சபை. பெருமையாகச் சொல்கிற விஷயத்தில் இதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

பிறகு அந்த விதிக்கு வந்தேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் போகாது. அவர் பெயர் மட்டுமல்ல. அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், கூடப் பிறந்தவர், மாமனார், மைத்துனர், சகோதரியின் புருஷர், மருமகன், தகப்பனார், மகன், இத்தனை பேர் பெயரும் போகாது. ஒவ்வோர் உறவையும் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

மாஸ்குக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தப் பெண்தான்.

“டீச்சர், எல்லா உறவும் பொம்பளைங்க வழியா வருது. சித்தி மகன், அத்தை மகன், அக்கா புருஷன். ஆனா சித்தி இல்ல, அத்தை இல்ல, அக்கா இல்ல. பொண்டாட்டியும் இல்ல.”

நான் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அந்தக் கல்வெட்டைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இது என் கண்ணில் பட்டதில்லை. பெண்ணின் பெயர் குடத்தில் போகவே போகாது என்னும்போது, அவளைத் தனியாக விலக்க வேண்டிய அவசியம்தான் என்ன!

பின் பெஞ்சுப் பையன் யோசித்தான். “இப்போ போகுதே, சீட்டுல பேரு” என்றான். “பேரு போகுது” என்றாள் அவள். அவ்வளவுதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு முக்கால் மணி நேரம் அந்தப் பிள்ளைகள் கணக்குப் புஸ்தகத்தைப் பற்றியும், கையெழுத்தைப் பற்றியும், யார் நாற்காலியில் யார் உட்காருவது என்பதைப் பற்றியும் பேசினார்கள். ஒரு வீட்டின் பெயரும் வரவில்லை. எல்லாம் பராந்தக சோழன் காலத்து மனிதர்களின் பெயரில்!

திரும்பி வந்ததும் எங்கள் வகுப்புக்கும் ஒரு குடம் வந்தது. பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம். சத்துணவுக் கூடத்து ஆயா கொடுத்தது. வாரா வாரம் பெயர்ச் சீட்டைப் போட்டு, பக்கத்து ஆரம்பப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வோம். வருகிற மூன்று பேர்தான் அந்த வாரத்துச் ‘செய்தி வாரியம்’. ஒரு தடவை வந்தவர் மூன்று வாரம் வரக்கூடாது. ஆகவே எப்போதும் கையைத் தூக்குகிற ஐந்து பேர் அடங்கினார்கள். வாயே திறக்காத பிள்ளைகள் வேறு வழியில்லாமல் திறந்தார்கள்.

விதிகளையும் அவர்களே எழுதினார்கள். செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். “வாட்ஸப்பில் வந்தது” என்பது பதில் ஆகாது. சொல்லத் தெரியாதவர் ‘கணக்குக் காட்டாதவர்’. அன்று உட்கார்ந்து கேட்கலாம், பேசக்கூடாது. இந்த ஒரு விதியால் எங்கள் வகுப்பில் எத்தனை பொய்கள் வாசலோடு திரும்பிப் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. (வீட்டிலும் இதை அமல்படுத்திப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மூன்று நாள் மௌன விரதம் இருக்க வேண்டியதாயிற்று.) இன்னொரு விதியை அந்தப் பெண் சொன்னாள்: “ஒரு விஷயம் யாராவது ஒருத்தர் வீட்டு விஷயமா இருந்தா, அவங்க விரும்பினா பேசலாம்; அவங்களைப் பார்த்துக் கை நீட்டக் கூடாது.” எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பின் பெஞ்சுப் பையன்தான் அதை நோட்டில் எழுதினான். அவன் கையெழுத்து மணி மணியாக இருக்கும்.

2022 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துப் பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறது என்று அறிவித்தபோது, அந்த விதி எவ்வளவு உதவிற்று என்று சொல்லி முடியாது. ஏகனாபுரத்து ஜனங்கள் கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர் நிலம். இன்னொரு பிள்ளையின் அண்ணனுக்கு வேலை கிடைக்குமே என்ற ஆசை. இரண்டு பேரும் பேசினார்கள். சண்டை வரவில்லை, முடிவும் வரவில்லை. 2023 செப்டம்பரில் பெண்களுக்குப் பாராளுமன்றத்திலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு என்ற மசோதா லோக் சபையில் 454-க்கு 2 என்ற கணக்கில் நிறைவேறிற்று. ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்ததை ஒரு புதிய மாணவி தேடிப் பிடித்து வந்து, “அப்போ குடத்துல இன்னும் ஓலை போடலையா டீச்சர்?” என்று கேட்டாள்.

அந்தத் தலைவர் அம்மாளை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 2022 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுவதும் கிராம சபை கூடிற்று. வெயில் தாங்காமல் நான் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் ஓட்டமாக வந்து என் மேஜை முன்னால் நின்றாள். மாஸ்க் மோவாய்க்குக் கீழே தொங்கிற்று.

“டீச்சர், வரவு செலவு மொத்தம் நாலு பக்கம். அப்பாதான் படிக்கிறதா இருந்தாரு. அம்மா எழுந்து வாங்கிட்டாங்க.”

“முழுக்கப் படித்தார்களா?”

“ஒரு பக்கம்” என்றாள். “ரெண்டாவது பக்கத்துல குரல் நடுங்கிப் போச்சு. அப்பாகிட்ட குடுத்துட்டாங்க.” சற்று நின்று, “ஆனா புஸ்தகம் ராத்திரி எங்க வீட்டுல அம்மா பக்கத்துலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்” என்றாள்.

“இது நீயே பார்த்த செய்திதானே?” என்றேன்.

“கணக்கு இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துவர ஆயாவிடம் ஓடினாள்.